மைலேஜுக்காக முறுக்கப்படும் ஸ்க்ரூ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பைக் மைலேஜ் குறைந்துவிட்டது என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பலர் எழுதுகிறார்கள். அதற்குத் தீர்வாக, "கார்ப்பரேட்டரில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று டைட் செய்யுங்கள், போன மைலேஜ் திரும்பி வரும்" என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. டீக்கடையிலும் இதே வைத்தியம்தான். பாதி வண்டிகளில் இந்த வைத்தியம் மைலேஜை இன்னும் குறைக்கும். மீதி வண்டிகளில் பிஸ்டனுக்கு உலை வைக்கும். இரண்டும் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஸ்க்ரூ எது? பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரில் வெளியே தெரியும் ஸ்க்ரூ இரண்டு. ஒன்று, ஆக்ஸிலேட்டரைத் திருப்பும்போது காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடையோ (மேலும் கீழும் நகரும் அடைப்பு) பட்டர்ஃபிளையையோ (சுழலும் தகடு) தூக்கிப்பிடித்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. அதற்கும் கலவைக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்றுதான் கலவை ஸ்க்ரூ. எல்லோரும் இதை 'ஏர் ஸ்க்ரூ' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பமும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. இந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக, அதாவது ஸ்லைடுக்கு முன்னால் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். இன்ஜின் பக்கமாக, ஸ்லைடையோ பட்டர்ஃபிளையையோ தாண்டி இருந்தால் அது பெட்ரோல் கலந்த காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறைந்து கலவை லீன் (காற்று அதிகம்) ஆகும். ஆர்.எக்ஸ். 100, காஸ்ட் அயர்ன் இன்ஜின் வைத்த பழைய புல்லட் போன்றவற்றின் ஸ்லைடு கார்ப்பரேட்டர்களில் இருப்பது முதல் வகை. டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு வைத்த கார்ப்பரேட்டர்களில் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆக, 'அரைச் சுற்று டைட்' என்ற ஒரே யோசனை ஒரு வண்டியில் பெட்ரோலை ஏற்றுகிறது, பக்கத்து வண்டியில் இறக்குகிறது. (புல்லட்டில் 'மிக்கார்ப்' என்று பொறித்திருக்குமே, அது ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் நம் மறைமலைநகரில் யூகால் நிறுவனம் செய்தது. கார்ப்பரேட்டர் நமக்கு அவ்வளவு அந்நியச் சரக்கு அல்ல.)

இனி எத்தனால். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 10 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவை சுமார் 14.1, 20 சதம் கலந்ததற்குச் சுமார் 13.5. கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சர் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவிடும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட் என்ற பித்தளைத் திருகில் எந்த அளவு துளை இருக்கிறதோ அந்த அளவு ஊற்றும். எனவே 10 சதத்துக்குச் சரியாக ட்யூன் செய்த வண்டி 20 சதப் பெட்ரோலில் சுமார் 4 சதம் லீனாக ஓடும். எத்தனாலே இல்லாத காலத்தில் ட்யூன் செய்து அப்படியே விட்ட வண்டி சுமார் 8 சதம் லீனாக ஓடும். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலுக்கு முன்பு விற்ற பைக்குகளில் மிகப் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள்தான்.

மைலேஜ் குறைவது வேறு கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதத்துக்கு ட்யூன் செய்த இருசக்கர வாகனங்களில் 20 சதப் பெட்ரோல் போட்டால் மைலேஜ் 3 முதல் 4 சதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டியில் அது ஏறக்குறைய 2 கிலோமீட்டர். இந்த இரண்டு கிலோமீட்டர் எந்த ஸ்க்ரூவுக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. பெட்ரோலிலேயே இல்லாத சக்தியை ஸ்க்ரூ எங்கிருந்து கொண்டுவரும்? உங்கள் வண்டியில் 10 கிலோமீட்டர் குறைந்திருந்தால், மீதி எட்டுக்குக் காரணம் எத்தனால் இல்லை. அதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் கார்ப்பரேட்டரும் அல்ல. சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ செயின் விறைப்பாக இருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். டயர் காற்று, கிளட்ச் நழுவல், ஏர் ஃபில்டர், டேப்பெட் (வால்வ்) இடைவெளி, பிளக் இடைவெளி எல்லாம் சரியென்று தெரிந்த பிறகுதான் கார்ப்பரேட்டர் முறை. அழுக்கு ஃபில்டரை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்பி ட்யூன் செய்தால், நாளைக்குப் புது ஃபில்டர் போட்ட அன்றே அந்த ட்யூனிங் லீனாகிவிடும்.

ரிச்சா, லீனா என்று வண்டியே சொல்லும். லீனாக ஓடும் வண்டி காலையில் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் கலவையை ரிச் ஆக்கும் லீவர்) இல்லாமல் எழும்பாது, எழும்பினாலும் சோக்கை எடுத்தவுடன் நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருப்பினால் ஒரு நொடி வெறுமையாகத் தொங்கிவிட்டு அப்புறம்தான் இழுக்கும். ஒரே வேகத்தில் போகும்போது யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவதுபோல் இருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. சூடான இன்ஜினை நின்ற இடத்தில் ரேஸ் செய்து விடுங்கள். சத்தம் உடனே ஸ்லோவுக்கு இறங்காமல் மேலேயே நின்று யோசித்து யோசித்து இறங்கினால் லீன். ஸ்லோவுக்கும் கீழே விழுந்து, நிற்கப்போகிற மாதிரி குலுங்கி, பிறகு மேலே வந்தால் ரிச்.

ரிச் வண்டியின் குணம் இதற்கு நேரெதிர். குளிரில் நன்றாக ஓடும், சூடாக ஆகத் திணறும். சோக் தேவையே படாது. மதியம் கடைக்குப் போய்விட்டு வந்து உதைத்தால் எழும்பாது, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து உதைத்தால்தான் எழும்பும். சைலன்சர் வாயில் விரலை விட்டால் உலர்ந்த கரி ஒட்டும். பெட்ரோல் வாசம் அடிக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்று வெடிப்பதுபோல் கொர கொரவென்று ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் போடும்.

சந்தேகமாக இருந்தால் சோக்கையே பரிசோதனைக் கருவியாக்கலாம். சூடான வண்டியில், பிரச்சினை வரும் அதே வேகத்தில் ஓட்டியபடி சோக்கைப் பாதி இழுங்கள். ஓட்டம் தேறினால் கலவை லீன். மோசமானால் ரிச், அல்லது சரியாகவே இருக்கிறது. முழு ஆக்ஸிலேட்டரில் போகும்போது கையைக் கொஞ்சம் தளர்த்தினதும் வண்டி வேகம் எடுத்தால், முழு ஆக்ஸிலேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றும் மெயின் ஜெட் சிறியது. இதற்கெல்லாம் காலியான நேர் சாலை வேண்டும். பைபாஸில் லாரிகளுக்கு நடுவே செய்யக்கூடாது.

பிளக் பார்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'காபித்தூள் நிறம் இருந்தால் சரி' என்பது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பாடம். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். அதில் சரியாக ஓடும் வண்டியின் பிளக் பீங்கான் இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோதான் இருக்கும். எத்தனால் கூடக் கூட இன்னும் வெளுக்கும். காபித்தூள் நிறத்துக்காகக் காத்திருப்பவர் வண்டியை ரிச்சாகவே வைத்திருப்பார். பயப்பட வேண்டியது சுண்ணாம்பு அடித்ததுபோன்ற வெள்ளைக்கு, அதிலும் பீங்கானில் கொப்புளமோ, மிளகுப்பொடி தூவியதுபோல் வெள்ளிப் புள்ளிகளோ தெரிந்தால். அந்த வெள்ளி, பிஸ்டனின் அலுமினியம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. உலர்ந்த மங்கலான கறுப்பு ரிச். ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு ஆயில். அது ரிங் தேய்ந்தோ வால்வ் சீல் போயோ வருவது, கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பயனில்லை.

பிளக்கை எப்போது கழற்றுகிறோம் என்பதும் முக்கியம். சிக்னல் சிக்னலாக நின்று ஊர்ந்து வந்த வண்டியைக் கடைவாசலில் பத்து நிமிடம் ஸ்லோவில் விட்டுக் கழற்றினால் எந்த வண்டியின் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். புது பிளக் போட்டு, சோதிக்க வேண்டிய ஆக்ஸிலேட்டர் நிலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, அதே நிலையில் கிளட்ச் பிடித்து சுவிட்சை அணைத்து, உருட்டியே நிறுத்திக் கழற்ற வேண்டும். பீங்கானின் நுனியைவிட அது உள்ளே இறங்கும் அடிப்பகுதி வளையத்தின் நிறமே உண்மை சொல்லும்.

கார்ப்பரேட்டருக்குள் ஒவ்வொரு ஆக்ஸிலேட்டர் நிலைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. மூடிய நிலையிலிருந்து கால்வாசி வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும் கலவை ஸ்க்ரூவும். எட்டில் ஒன்றிலிருந்தே ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பகுதியும் சேர்ந்துகொள்ளும். கால்வாசி முதல் முக்கால்வாசி வரை, ஸ்லைடில் தொங்கும் நீடில் என்ற ஊசியும் அது இறங்கும் குழலும். அதற்கு மேல் மெயின் ஜெட். கைப்பிடியில் பெயின்டரின் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டினால் எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரிந்துவிடும். முழு ஆக்ஸிலேட்டரில் திணறும் வண்டிக்கு ஸ்க்ரூவைத் திருப்புவது, கால் வலிக்குக் கையில் தைலம் தேய்ப்பது மாதிரி. ஆனால் ஊருக்குள் 40-ல் போகும் 100 சி.சி. வண்டி பெரும்பாலும் கால்வாசிக்குள்தான் ஓடுகிறது என்பதால் பைலட் பகுதியை அலட்சியம் செய்யவும் முடியாது.

ட்யூனிங் செய்யும் முறை இது. பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆறிய இன்ஜினில் செய்த ட்யூனிங் செல்லாது. அணைத்துவிட்டு, கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். சரியாக வராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப அந்த எண் வேண்டும். உட்கார்ந்ததும் விட்டுவிட வேண்டும். பலம் கொடுத்தால் ஊசிமுனை துளையில் பதிந்து தடம் விழும், சில சமயம் உடைந்து உள்ளேயே நிற்கும், அத்தோடு கார்ப்பரேட்டர் பாடி போயிற்று. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தை வழக்கத்தைவிட 200 ஆர்.பி.எம். போலக் கூட்டிவையுங்கள். இப்போது கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, பத்து விநாடி பொறுத்து, சத்தத்தைக் கேளுங்கள். இந்தப் பத்து விநாடிதான் பலர் செய்யாதது. ஒரு பக்கம் திருப்பத் திருப்ப வேகம் ஏறி, ஒரு கட்டத்தில் குலுங்கி இறங்கும். திரும்பி வந்து எதிர்ப்பக்கமும் அதே மாதிரி இறங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே வேகம் அதிகமாக, சத்தம் சீராக இருக்கும் இடம்தான் வேண்டியது. அங்கே நிறுத்தி ஸ்லோவைக் கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்கிவிட்டு (100 சி.சி. வண்டிகளில் பலவற்றுக்கு அது 1400 ஆர்.பி.எம். அளவில்) மறுபடி ஒருமுறை கால் சுற்று இப்படியும் அப்படியும் சரிபாருங்கள். கடைசியாக ரிச் பக்கம் எட்டில் ஒரு சுற்று. ஃபில்டர் பக்கத்து ஸ்க்ரூ என்றால் உள்ளே, இன்ஜின் பக்கத்து ஸ்க்ரூ என்றால் வெளியே. பெட்ரோல் பங்கில் எத்தனால் அளவு முன்னே பின்னே இருந்தாலும் இந்த எட்டில் ஒரு சுற்று தாங்கும்.

நல்ல இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால், அல்லது இரண்டரைச் சுற்றைத் தாண்டிப் போனால், ஸ்க்ரூ தன் வேலைக்கு மேல் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் பக்கத்து ஸ்க்ரூ முக்கால் சுற்றிலேயே நன்றாக ஓடினால் பைலட் ஜெட் சிறியது, அல்லது அடைத்திருக்கிறது. இன்ஜின் பக்கத்து ஸ்க்ரூவை மூன்று சுற்று எடுத்தால்தான் ஓடுகிறது என்றாலும் அதேதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டம் மாறவே இல்லை என்றால் பைலட் வழி அடைத்திருக்கும், அல்லது ஸ்லோ ஸ்க்ரூவை மிக மேலே வைத்திருப்பீர்கள்.

ஸ்க்ரூவோடு நின்றால் போதுமா என்றால், 20 சதப் பெட்ரோலில் நடு ஆக்ஸிலேட்டரிலும் லீன் அடையாளம் தெரியும் வண்டிகளுக்குப் போதாது. நீடிலில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தால், அதைப் பிடித்திருக்கும் லாக்கை ஒரு பள்ளம் கீழே மாற்றுங்கள். நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். ஒரே பள்ளம்தான் என்றால் லாக்குக்கு அடியில் அரை மி.மீ. வாஷர் ஒன்று. முழு ஆக்ஸிலேட்டரில் லீன் என்றால் மெயின் ஜெட் ஒரு நம்பர் பெரியது. துளை அளவையே நம்பராகப் போடும் ஜெட்களில் 80-க்குப் பதில் 82 போட்டால் துளையின் பரப்பு 5 சதம் கூடும். 10-லிருந்து 20 சதத்துக்கு மாறியதற்கு ஏறக்குறைய அதுதான் தேவை. 90 போடுகிற ஆர்வக்கோளாறு வேண்டாம், அது ஏறக்குறைய 27 சதம்.

லீன் என்று தெரிந்தவுடன் ஜெட்டுக்குப் போவதற்கு முன் காற்றுக்கசிவைப் பார்த்துவிட வேண்டும். கார்ப்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர், வெயிலிலும் சூட்டிலும் வெடித்து, மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கீறியிருக்கும். அடியில் இருக்கும் ஓ-ரிங் தட்டையாகியிருக்கும். வண்டி ஸ்லோவில் ஓடும்போது சோப்புத்தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் அந்த ஓரங்களில் அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. பல கடைகளில் இதையே பெட்ரோல் தெளித்துச் செய்கிறார்கள். சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தூரத்தில் அதைச் செய்வது வண்டியோடு கடையையும் கொளுத்துகிற வேலை. இன்னொன்று, ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடிக்கும் சத்தம் எப்போதும் லீனால் வருவதில்லை. சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்து கேஸ்கட் கசிந்தாலும் வெடிக்கும். சைலன்சருக்குள் வெளிக்காற்றைச் செலுத்தும் குழாய் வைத்த வண்டிகளில் அதன் வால்வ் பழுதானாலும் வெடிக்கும்.

ரிச்சுக்கும் இதேபோல் ஸ்க்ரூவுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் நிறைய. சோக்கை எடுத்த பிறகும் அது முழுக்க விலகாமல் நிற்பது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஆயிலைப் பிழியாமல் விடுவது. நீடில் வருடக்கணக்கில் அதிர்ந்து அது இறங்கும் குழலை முட்டை வடிவமாகத் தேய்த்துவிடுவது (கால்வாசி ஆக்ஸிலேட்டரில் மட்டும் ரிச் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்). கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் புளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து அது கனத்துப்போவது. புளோட் வால்வின் ரப்பர் முனையில் வளையமாகத் தடம் விழுந்து பெட்ரோலை நிறுத்தாமல் விடுவது. இந்தக் கடைசிக் கோளாறு ஆபத்தானது. ராத்திரி முழுவதும் பெட்ரோல் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் வால்வையும் மாற்றி ஆயிலையும் மாற்ற வேண்டும். டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் 'பெட்ரோல் காக்' குழாயை மூடி நிறுத்தும் பழக்கம் போனதுதான் இதற்குப் பாதிக் காரணம்.

ஜெட் கழுவுவதில் நடக்கும் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழை கம்பியைப் பிய்த்து ஜெட்டுக்குள் விட்டுக் குத்துவது இன்றும் எல்லாக் கடைகளிலும் நடக்கிறது. ஜெட் பித்தளை, கம்பி எஃகு. 0.35 மி.மீ. துளை 0.37 ஆனால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பரப்பு 12 சதம் கூடிவிட்டது. நம்பர் 35 என்று பொறித்த அந்த ஜெட் இனி 35 அல்ல. அப்புறம் ஸ்க்ரூவை எங்கே வைத்தாலும் ஸ்லோ நிற்காது. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். பிடிவாதமான அடைப்புக்கு டூத்பிரஷின் ஒரு நைலான் முடி. ரிப்பேர் கிட் வாங்கும்போது விலை குறைந்த கிட்டில் ஜெட் நம்பர் ஒன்றாகவும் துளை வேறாகவும் இருக்கும். பழைய ஜெட் கெடாமல் இருந்தால் அதையே போட்டு, கிட்டிலிருந்து ரப்பர்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

எத்தனால் உண்மையில் அதிகத் தொல்லை தருவது ஓடும் வண்டியில் அல்ல, நிறுத்திவைத்த வண்டியில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியிலும் புளோட் கிண்ணத்திலும் தங்கும். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் நின்ற வண்டி எழும்பவில்லை என்றால் பெட்ரோல் காக் குழாயை மூடி, கிண்ணத்தின் அடியிலிருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனி அடுக்காகத் தெரிந்தால் அதுதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் நிறுத்தும் அன்றே கிண்ணத்தை வடித்துவிடுவது இந்த வேலையை மிச்சப்படுத்தும்.

எத்தனாலுக்காகவும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அதன் ஆக்டேன், அதாவது இன்ஜினுக்குள் நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறன், அதிகம். ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பமும் அதிகம். எனவே 4 சதம் லீன் ஆனதாலேயே இன்ஜின் போய்விடும் என்று பயமுறுத்துவது மிகை. ஏற்கெனவே லீன் பக்கம் நகர்ந்த வண்டியை, மைலேஜ் ஆசையில் இன்னும் லீனாக முறுக்கி, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் நான்குவழிச் சாலையில் எண்பதில் விரட்டும்போதுதான் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் விலை கொடுக்கின்றன.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த விலை சீக்கிரமே கேட்கப்படும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் மொபெட்டில் ஜெட் வழியாக வருவதுதான் பிஸ்டனுக்கு ஆயிலும். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும். பயந்துபோய் லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதில் 40 மில்லி ஊற்றுகிறவர்கள் உண்டு. அதே துளையில் ஆயில் அதிக இடம் பிடித்தால் பெட்ரோல் குறையும், கலவை இன்னும் லீன் ஆகும். புகை வருவதைப் பார்த்து ரிச் என்று நினைத்து மறுபடி ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். அப்புறம் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலைதான்.

மலை ஊர்க்காரர்களுக்குத் தனிக் கணக்கு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய கார்ப்பரேட்டர் மேலே போனதும் சுமார் 10 சதம் ரிச் ஆகும். திணறல், கறுப்பு பிளக், இழுவைக் குறைவு எல்லாம் அதனால்தான். ஒரு நாள் சுற்றுலாவுக்கு எதையும் தொட வேண்டாம். அங்கேயே இருப்பவர்கள் சின்ன மெயின் ஜெட் போட்டுக்கொள்வது சரிதான். ஆனால் அந்த ஜெட்டோடு மலையிறங்கி கோயம்புத்தூர் வெயிலில் ஓட்டினால் லீன், அதுவும் 20 சத எத்தனாலோடு சேர்ந்த லீன். கழற்றிய பெரிய ஜெட்டை டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.

புகைப் பரிசோதனையில் பாஸ் ஆனால் ட்யூனிங் சரி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு விளக்கம். 2000 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.4-க்கு முன்பு வந்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் வைத்திருக்கும் அளவு கார்பன் மோனாக்ஸைடு 3.5 சதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். இதை அளப்பது வண்டி ஸ்லோவில் நிற்கும்போது. அதாவது பைலட் பகுதிக்கு மட்டும்தான் பரிசோதனை. மெயின் ஜெட் எப்படி ஊற்றுகிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. பாஸ் ஆவதற்காக வாசலிலேயே ஸ்க்ரூவை லீன் பக்கம் முறுக்குவதும் நடக்கிறது. மோனாக்ஸைடு குறையும், உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறி லீன் ஆக்கினால் கலவை எரியாமல் தப்பி ஹைட்ரோகார்பன் எகிறும். ஒரு அளவு இறங்க இன்னொன்று ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். அந்தக் கருவியைச் சான்றிதழுக்கு மட்டும் பயன்படுத்தாமல், ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே இரண்டு எண்களையும் பார்த்து ட்யூன் செய்ய ஒரு மெக்கானிக்கை ஐந்து நிமிடம் அனுமதித்தால், காதால் கேட்டுச் செய்வதைவிடப் பலமடங்கு துல்லியமாக முடியும். எந்த மையமும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

கடைசியாக, உங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்பும் கோரிக்கைகள் இரண்டு. பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு பம்பிலும் எத்தனால் சதவீதம் தெளிவாகத் தெரியும்படி தமிழில் எழுதப்பட வேண்டும். எதற்கு ட்யூன் செய்கிறோம் என்று தெரியாமல் ட்யூன் செய்ய முடியாது. இரண்டாவது, பைக் கம்பெனிகள் தங்கள் கார்ப்பரேட்டர் மாடல் ஒவ்வொன்றுக்கும் 20 சதப் பெட்ரோலில் போட வேண்டிய பைலட் ஜெட் நம்பர், மெயின் ஜெட் நம்பர், நீடில் பள்ளம், ஸ்க்ரூ எத்தனை சுற்று என்ற நான்கு எண்களை ஒரே தாளில் வெளியிட வேண்டும். ஜெட் ஒன்றும் பெரிய விலை இல்லை. எந்த நம்பர் என்று தெரிந்தால் மாற்ற அரைமணி நேரம் போதும்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவர்,
கரூர்.